பதினேழாவது மூடி

கேள்வி நேரம் என்று மைக்கில் சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பட்டனையும் போட்டிருந்தார். தேனி வெயிலில் ஒருத்தர் மணிக்கட்டுப் பட்டன் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒன்று அவர் வக்கீலாக இருக்கவேண்டும், இல்லையென்றால் எங்கள் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவராக இருக்கவேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தால் எங்கள் இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசகர் வட்டம் ஒன்று என் புத்தகத்துக்காகப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் வைத்திருந்தது. அறுபது நாற்காலி போட்டு நாற்பது பேர் வந்திருந்தார்கள். தமிழில் ராக்கெட் பற்றி எழுதுகிற ஒருத்திக்கு நாற்பது பேர் என்பது திருவிழாக் கூட்டம்.

அவரிடம் மைக்கைக் கொண்டுபோனார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"மேடம், புத்தகத்துல நாலாவது கட்டுரை. அந்த டெஸ்ட்ல மூடி மொத்தம் எத்தன?"

குரல்தான் முதலில் பிடிபட்டது. முகம் பிடிபடக் கொஞ்சம் நேரமானது. தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகி இருந்தார். தவமணி அண்ணன்.

"பதினாறு" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஒரு கல்லூரி மாணவி, செவ்வாய்க்கு மனுஷன் எப்போது போவான் என்று கேட்டாள். நான் ஐந்து நிமிஷம் பதில் சொன்னேனாம். கைதட்டல்கூட வந்ததாம். என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை என் பெருமையைத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். போன வாரம்கூட, முதல்முதலாக எங்கள் ஊர் தேவாரத்தில் இருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன கதையை மூச்சு வாங்க எழுதியிருந்தேன். இந்த வாரம் எழுதவேண்டியது இது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

மூடுகிற ஊர்

எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்துவிட்டால் காற்று மலையிறங்கி வரும். ஆடி முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். இப்போது அதைப் பிடிக்கக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் காற்றால் எங்களுக்குக் கிடைத்தது மண் மட்டும்தான். சோற்றில் மண், படுக்கையில் மண், பல்லுக்கு நடுவில் மண்.

அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் மூடி உண்டு. தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு, பால் சட்டிக்குத் தட்டு, அந்தத் தட்டின் மேல் ஒரு கல். அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்குகிற டிரம்முக்குக்கூடச் சாக்கு போட்டுக் கட்டியிருப்பார். அம்மா வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருவது ஒரே வார்த்தைதான்.

"ஏத்தா, மூடுனியா?"

"மூடிட்டேம்மா."

"போயி இன்னொருக்காப் பாரு."

இந்தப் பழக்கத்தோடுதான் நான் வளர்ந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன். திறந்த வாய் ஒன்றைப் பார்த்தால் என் மூளையைக் கேட்காமலே என் கை மூடிவிடும். ஹாஸ்டலில் அடுத்தவள் பேனாவுக்கும் மூடி போடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது ஊரில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. டிவியில் ராக்கெட் காட்டினால் மறுநாள் அம்மாவிடம் ஆள் வந்து நிற்கும். ஒரு தடவை நான் ஊரில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சித்தப்பாவே வந்துவிட்டார்.

"ஏத்தா ஈஸ்வரி, நேத்துக் காட்டுனாகளே, அது நீ விட்டதா?"

"இல்ல சித்தப்பா. அதுல கொஞ்சம் குழாய் எங்க செக்‌ஷன்ல செஞ்சது."

"குழாயா? அதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் வேலை குழாய்தான். ராக்கெட்டின் திசையைத் திருப்புகிற சின்ன எஞ்சின்களுக்கு எரிபொருள் கொண்டுபோகிற குழாய்களும் வால்வுகளும். அவற்றைத் தரையில் வைத்து, வாயுவை அழுத்தி ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது.

தட்டும் லாக் புக்கும்

சோதனைக்கு முன்பு குழாய்களின் வாய் ஒவ்வொன்றிலும் தூசி போகாமல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் செருகி வைத்திருப்போம். பாட்டிலுக்குத் தக்கை மாதிரி. எத்தனை மூடி செருகினோம் என்று லாக் புக்கில் எழுதவேண்டும். சோதனை அன்று ஃபிட்டர் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தட்டில் போடுவார். இன்ஜினியர் எண்ணவேண்டும். லாக் புக்கில் இரண்டு கட்டம் இருக்கும். செய்தவர், சரிபார்த்தவர். இரண்டு கையெழுத்தும் விழாமல் வாயுவைத் திறக்கக்கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. லாக் புக்கில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசவே கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எழுத்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து. தப்பு நடந்தது என்பதும் தெரியவேண்டும், யார் திருத்தினார்கள் என்பதும் தெரியவேண்டும். பயிற்சிக்கு வந்த ஒருத்தன் வெள்ளை மை பூசியதற்கு நான் அவனை ஒரு வாரம் சோதனைக்கூடத்துக்கு உள்ளேயே விடவில்லை. அவ்வளவு கறார்.

எங்கள் ஃபிட்டர் தவமணி. ஆண்டிபட்டிக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பொங்கலுக்கும் சித்திரைக்கும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்கு வருவோம். பஸ்ஸில் நான் 'அண்ணே', அவர் 'தங்கச்சி'. சோதனைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் நான் மேடம். அந்தக் கோட்டை அவர் ஒரு நாளும் தாண்டியதில்லை.

"கைக்கு இடிக்குது"

நான் வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமாகாத காலம். அந்தப் பிரிவுக்கு முதல் பெண் நான்தான். மறுநாள் ஒரு பெரிய சோதனை. முந்தின நாள் சாயங்காலம் நான் தனியாகச் சுற்றிப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்பக்கம், கையை விட்டுத் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில், ஒரு வாய் திறந்து கிடந்தது. காலையில் ஓர் அளவுக்கருவி பொருத்துவதற்காகத் திறந்தே விடச் சொல்லியிருந்த வாய் அது. லாக் புக்கில் அதற்கு மூடிக் கணக்கு கிடையாது.

எனக்கும் அது தெரியும். ஆனால் என் கை கேட்கவில்லையே! வேறு எதையோ யோசித்துக்கொண்டே, பெட்டியில் இருந்து ஒரு மூடியை எடுத்து, விளிம்புக்கு உள்ளே போகும்வரை கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். போய்விட்டேன். எழுதவும் இல்லை, மறுநாள் ஞாபகமும் இல்லை.

காலையில் தவமணி அண்ணன் அந்த வாயில் கருவியைத் தடவித் தடவிப் பொருத்தினார். பிறகு மூடிகளைக் கழற்றித் தட்டில் போட்டார். நான் எண்ணினேன். பதினாறு. லாக் புக்கிலும் பதினாறு.

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மேடம், பின்பக்க வாய்ல கருவிய மாட்டும்போது கைக்கு என்னமோ இடிக்குது. ஒருக்காக் கழட்டிப் பாத்துருவமா?"

"எண்ணிக்கை சரியா இருக்குல்ல?"

"சரியாத்தான் இருக்கு. ஆனா இடிக்குதே."

"கழட்டி மாட்ட ஒரு மணி நேரமாகும். பெரியவுக எல்லாம் வந்து உக்காந்திருக்காக. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நானும் போட்டேன். வாயுவைத் திறந்தோம். அழுத்தம் ஏறும்போதே உள்ளே ஒரு சத்தம். மூடி பிய்த்துக்கொண்டு போய் வால்வுக்குள் சிக்கி, வால்வு கிழிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் மாதக் கணக்கில் செய்த வேலை அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

விசாரணை

மூன்று அதிகாரிகள். கணக்கு எளிது. தட்டில் பதினாறு, வால்வுக்குள் ஒன்று, ஆகப் பதினேழு. லாக் புக்கில் பதினாறுதான். அந்த ஒன்று எங்கே இருந்து வந்தது? வாயு அடித்துக்கொண்டு போனதில் எந்த வாயில் இருந்த மூடி என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"கணக்கில் இல்லாமல் நீங்கள் ஏதாவது மூடி வைத்தீர்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை. எனக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

"கழற்றிப் பார்க்கலாம் என்று ஃபிட்டர் உங்களிடம் சொன்னாராமே?"

"சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன். அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என் அறையில் பால் காய்ச்சி இறக்கி வைத்தேன். தட்டை எடுத்து மூடினேன். மூடிய கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கட்டைவிரலில் அந்தப் பிளாஸ்டிக் அழுந்தியது, பின்பக்கம் கையை விட்டபோது முழங்கை தொட்டியில் உரசியது, எல்லாம் வந்துவிட்டது.

அறிக்கையில் இன்னும் கையெழுத்து விழவில்லை. எழுந்து போய்ச் சொல்ல எனக்கு ஐந்து நாள் இருந்தது. நான் போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயம். வேலை போய்விடும், 'பொம்பளையை எடுத்தால் இப்படித்தான்' என்பார்கள், அப்பா ஊரில் தலை காட்ட முடியாது. இதைத்தான் மாற்றி மாற்றி எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கை வந்தது. ஃபிட்டர் ஒரு மூடியைக் கழற்ற மறந்துவிட்டார். எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்திருக்கிறது. திட்டு விழும் என்று பெட்டியில் இருந்து புது மூடி ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டார். இதுதான் முடிவு. மறந்துவிட்டார் என்றுகூட இல்லை, ஏமாற்றினார் என்று.

தவமணி அண்ணனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். பொருத்துவதில் அவருடைய கைக்கு ஈடான கை எங்கள் இடத்தில் கிடையாது. அந்தக் கையால் ஓய்வு பெறுகிறவரை திருகாணி டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொங்கலுக்கு அவர் என் பஸ்ஸில் வரவில்லை. பிறகு எந்தப் பொங்கலுக்கும் வரவில்லை.

நான்காவது கட்டுரை

எனக்கு வேலை நிரந்தரமானது, பதவி உயர்ந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுத்தேன். வகுப்பில் நேர்மை பற்றிப் பேசுகிற இடத்தில் இந்தக் கதையைச் சொல்வேன், அறிக்கையில் இருக்கிறபடி. நன்றாக எடுபடும். சொல்லிச் சொல்லி அதுதான் நடந்தது என்று நானே நம்புகிற மாதிரி ஆகிவிட்டது. கூசவில்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு தடவை கூசியது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவேண்டிய இடத்தில் நிறுத்திச் சொல்லப் பழகிவிட்டேன்.

புத்தகம் எழுத உட்கார்ந்தபோது அது நான்காவது கட்டுரையாக வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர் போடவில்லை. 'ஒரு டெக்னீசியன்' என்று மட்டும் எழுதினேன். அதில் எனக்கு ஒரு பெருந்தன்மை வேறு. புத்தகத்திலேயே அந்தக் கட்டுரைதான் அருமை என்று கடிதங்கள் வந்தன. பள்ளிக்கூட நூலகங்கள் வாங்கின.

வராண்டாவில்

கூட்டம் முடிந்து எல்லோரும் வடையும் டீயுமாக நின்றார்கள். அவர் வராண்டாவின் கோடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் என் புத்தகம், காலண்டர் தாளில் அட்டை போட்டது.

"அண்ணே, நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன் மேடம்."

அந்த 'மேடம்' என்னைத் தள்ளி நிறுத்தியது. எதையாவது பேசிச் சமாளிக்கலாம் என்றுதான் போனேன். முடியவில்லை.

"பதினேழு அண்ணே. அந்தப் பதினேழாவது மூடிய நான்தான் வச்சேன்."

"தெரியும் மேடம்."

"தெரியுமா!"

"அன்னைக்கே தெரியும். அங்கன ஒரு வாயி திறந்து கெடந்தா உங்க கை சும்மா இருக்குமா? பஸ்ஸுல டிபன் பாக்ஸையே ரெண்டு தடவ தொறந்து மூடிப் பாப்பீகளே."

"அப்ப ஏண்ணே விசாரணையில சொல்லல?"

"நீங்க வச்சத நான் பாத்தேனா? பாக்காததுக்கு நான் எப்புடி மேடம் சாட்சி சொல்ல? இடிச்சுச்சு, அத உங்ககிட்டச் சொன்னேன், அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அதச் சொன்னேன். நீங்க ஞாபகம் இல்லன்னீக."

டீ கொடுக்கிறவர் வந்தார். இருவரும் வேண்டாம் என்றோம்.

"ஸ்டோர்ஸுக்குப் போட்டதெல்லாம் போச்சு மேடம், அதப் பேச வரல" என்றார். "எம்மக ஆண்டிபட்டியில டீச்சரா இருக்கா. உங்க புத்தகத்த வகுப்புல வாசிச்சுக் காட்டியிருக்கா, நேர்மையா இருக்கணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க. வீட்டுக்கு வந்து கேக்குறா, 'அப்பா, ஒங்க ஆபீஸ்ல இப்புடி ஒரு களவாணி இருந்தாராமே, யாருப்பா அது?'ன்னு."



"என்ன சொன்னீக?"

"தெரியலையேம்மான்னேன். எம்மககிட்ட நான் சொன்ன மொதப் பொய் அது மேடம்."

நான் அழுதேன். அவர் அழவில்லை, தேற்றவும் இல்லை. என் அழுகை முடிகிறவரை வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த பதிப்புல அந்தக் கட்டுரையையே எடுத்துர்றேண்ணே" என்றேன்.

"எடுத்துட்டா? அது வெள்ள மை பூசுறதுல்ல மேடம்?"

சட்டைப் பையில் இருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருந்தார்.

"ரூலு உங்களுக்குத் தெரியாததா? ஒரே கோடு. பழசு தெரியணும்."

கோடு போட்டேன். ஓரத்தில் சரியானதை எழுதினேன். கீழே 'செய்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினேன்.

வாங்கினார். மூடியைப் போட்டார். பையில் வைத்துக்கொண்டார்.

"இது ஒரு புத்தகந்தான மேடம். எம்மக பள்ளிக்கூடத்துல இருக்குறதுல அப்புடியேதான இருக்கு? நீங்க வாராவாரம் பத்திரிகையில எழுதுறீகளே, அத எம்மக ஒரு வாரம் விடாமப் படிக்கிறா. அதுல வரட்டும். வந்ததக் கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"கட்டாயம் வரும்ணே."

"வர்றேன் மேடம்" என்று படியிறங்கி, ஆண்டிபட்டி பஸ்ஸுக்கு நடந்தார்.

திருத்தம்

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. என்ன செய்வார்களோ செய்யட்டும். அம்மாவுக்கும் போனில் சொன்னேன். "மூடு மூடுன்னு நாந்தான உன்னக் கெடுத்தேன்" என்றாள். இல்லம்மா, மூடினது தப்பில்ல, மூடி மறைச்சதுதான் தப்பு என்றேன்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே முதலில் தருகிறேன். அதன் குறுக்கே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாகப் பள்ளிக்கூடங்கள், பேனாவை எடுத்து நீங்களே கோடு போட்டுவிடுங்கள்.

கடைசி வரியை வெறுமனே விட்டிருப்பது அச்சுப்பிழை இல்லை. அதில் யாரும் எதையும் நிரப்பவேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களை நான் அவசரப்படுத்தினேன் அண்ணே. இன்றைக்கு நிதானமாகப் பாருங்கள்.

புத்தகத்தில் உள்ளது: "எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதற்காக ஒரு டெக்னீசியன் பெட்டியில் இருந்து புதிய மூடி ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார்."

சரியானது: பதினேழாவது மூடியைக் குழாயில் வைத்தது நான். லாக் புக்கில் எழுதாமல் விட்டது நான். பின்பக்க வாயில் இடிக்கிறது, கழற்றிப் பார்க்கலாம் என்று ஃபிட்டர் தவமணி என்னிடம் சொன்னார். நான் மறுத்தேன். விசாரணையில் அது ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன். தட்டில் இருந்த பதினாறு மூடிகளும் தவமணி தன் கையால் கழற்றிப் போட்டவை.

செய்தவர்: ம. ஈஸ்வரி

சரிபார்த்தவர்: